கவிதைக்கு மார்க் போடுற ஆப்: யூஸ் பண்ணி பார்த்துட்டு சொல்றேன்

நாம எழுதின கவிதைய பேஸ்ட் பண்ணா நூத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்டு, எதுகை மோனை, உவமை, உணர்ச்சின்னு தனித்தனியா பிரிச்சு காட்டுற ஆப் இது, பேரு வேணாம். டிசைன் அழகா இருக்கு, எங்கயும் ஹேங் ஆகல, அதெல்லாம் ஓகே. மார்க் போடுற லட்சணம் தான் சகிக்கல.

டெஸ்ட் பண்ண நானே ஒரு வரி அடிச்சு விட்டேன். "கண்ணீர் என்னும் கடலிலே கவலை என்னும் படகு". இதுக்கு 91, கூடவே அருமையான உருவகம்னு பாராட்டு வேற. கவலைய தூக்கிட்டு காதல்னு போட்டேன், அப்பவும் 91. கனவுன்னு போட்டா அதே 91. ஏங்க, எந்த வார்த்தைய மாத்தினாலும் படகு அது பாட்டுக்கு மிதக்குதுன்னா அந்த வரி எதையுமே சொல்லலன்னு தானே அர்த்தம்? அடுத்து "இரண்டு டம்ளர் எடுத்தாள், ஒன்றைத் திரும்ப வைத்தாள்"னு போட்டேன். 34 தான். உவமை இல்லயாம், உணர்ச்சி கம்மியாம்! அதுல 'இரண்டு'ங்கறத எடுத்துட்டு படிச்சு பாருங்க, அந்த வீட்ல ஒரு ஆள் இல்லாம போனதே தெரியாது. ஒரு வார்த்தைய உருவினா மொத்தமும் சரியுதா இல்லயான்னு பாக்கறத தான் நான் முதல்ல செய்வேன், சத்தமா படிச்சு பாக்கறது, கொஞ்ச நாள் விட்டு மறுபடி எடுத்து பாக்கறது எல்லாம் அப்புறம். எதுகை மோனை எண்ணுறதுக்கு ஆப் எதுக்கு?

ஆனா உள்ள ஒரு பக்கம் இருக்கு, எழுதினவர் பேர மறைச்சு கவிதைய மட்டும் காட்டும், நம்ம கருத்த டைப் பண்ணப்புறம் தான் பேரு வரும். இது சூப்பர். என்னமோ புது ஐடியா மாதிரி பீத்திக்கறாங்க, கேம்பிரிட்ஜ்ல ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ்ங்கற இலக்கிய விமர்சகர் 1920கள்லயே மாணவர்கள்கிட்ட பேரில்லாம கவிதைய குடுத்து கருத்து எழுத வெச்சு 1929ல புத்தகமாவே போட்டுட்டார், அதுல ஜான் டன்ங்கற பெரிய ஆங்கிலக் கவிஞரோட சானட்டையே, அதான் பதினாலு வரி கவிதைய, நல்லால்லன்னு தள்ளினவங்க நிறைய பேர். அதனால பேர மறைச்சா ரசனை தானா வந்துடும்னு நினைக்க வேணாம். ஆனா ஏன் பிடிச்சுது, ஏன் பிடிக்கலன்னு காரணத்த நாமளே எழுதணும் பாருங்க, அங்க தான் வசமா மாட்டுவோம், இத்தன நாளா கவிதைய படிச்சோமா பேர படிச்சோமான்னு.

அந்த பக்கத்துக்கு லாகின் கூட வேணாம். மார்க் வேணும்னா தான் சந்தா கேக்குது, கட்டிடாதீங்க. அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார், ரெண்டும் அந்த பேர் மறைக்கிற பக்கத்துக்கு தான்.