ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு எந்தப் பால்?

"தாய்ப்பாலே போதுமா, பவுடர் பால் வாங்கட்டுமா?" குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ குறைமாதக் குழந்தையோடு வேலூருக்கு ஓடிவந்து, பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் (என்ஐசியு) வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. உண்மையில் வழிகள் இரண்டல்ல, நான்கு.

முதலில் தாய்ப்பால் மட்டும். குடலுக்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1200 கிராம் குழந்தை கிலோவுக்கு 180 மில்லி வீதம் ஒரு நாளில் சுமார் 216 மில்லி குடிக்கும். அதில் கிடைக்கும் புரதம் இரண்டரை கிராம் அளவுதான். தேவையோ நாலு கிராமுக்கு மேல். கால்சியமும் பாஸ்பரஸும்கூடப் போதாது, எலும்பு பலவீனமாகும்.

அதனால்தான் தாய்ப்பாலிலேயே கலக்கும் சத்துப் பவுடர், அதாவது ஃபார்ட்டிஃபையர். கடையில் டப்பாவில் விற்கும் பால் பவுடர் வேறு, இது வேறு. பீய்ச்சிய பாலில் அளந்து கலந்து டியூபிலோ பாலாடையிலோ கொடுப்பார்கள். 32 வாரத்துக்கு முன்போ ஒன்றரைக் கிலோவுக்குக் கீழோ பிறந்தவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் அல்ல. எடையும் தலைச்சுற்றளவும் ஓரளவு வேகமாகக் கூடும், அவ்வளவுதான். ஆனாலும் 1200 கிராம் குழந்தைக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அம்மாவுக்குப் பால் இன்னும் சுரக்கவில்லை என்றால்? வேறு தாய்மார் தரும் தானப்பாலா, குறைமாதக் குழந்தைக்கான செயற்கைப் பாலான ஃபார்முலாவா? ஃபார்முலாவில் எடை சீக்கிரம் ஏறும், சரி. ஆனால் குடல் அழுகும் நோய் வரும் வாய்ப்பு தானப்பாலோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரு மடங்கு. அந்த ஆபத்துக்கு முன் சில கிராம் எடை பெரிதல்ல. தானப்பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவதால் பாதுகாப்புச் சத்துகள் கொஞ்சம் குறையும், புரதமும் குறைவு. அதற்கும் ஃபார்ட்டிஃபையர் தேவைப்படலாம். தானப்பால் கிடைக்காத இடத்தில் ஃபார்முலா கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை; அந்த அம்மாவை யாரும் குற்றவாளியாக்கக் கூடாது.

எதைத் தேர்ந்தாலும் அம்மா ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பீய்ச்சினால்தான் பால் நிற்காமல் வரும். வீட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தால் வேலூர் வெயிலை மறக்க வேண்டாம்: சுத்தமான மூடிய பாத்திரத்தில், ஐஸ் வைத்த பெட்டியில்தான் வர வேண்டும்.

அப்புறம் சொட்டு மருந்துகள். தாய்ப்பால் குடிக்கும் இந்தக் குழந்தைகளுக்கு வைட்டமின் டி தினமும் 400 முதல் 1000 யூனிட். பிறந்து இரண்டு வாரம் ஆனதிலிருந்து இரும்புச்சத்து தினமும் கிலோவுக்கு 2 முதல் 4 மில்லிகிராம். ஃபார்ட்டிஃபையரிலோ ஃபார்முலாவிலோ இவை ஏற்கெனவே இருந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார். பாட்டி அன்போடு எடுத்துவரும் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் இந்தக் குழந்தைக்கு அறவே வேண்டாம். வீட்டுக்கு அனுப்பும் நாளில், எந்த மருந்து எத்தனை மில்லி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி சொட்டு மருந்தின் அடர்த்தி மாறும்.