ரிஸ்க்கா, ஆக்ஸிஸ் அண்ட் அலைஸா? கட்டை எறியும் கணக்கு

போன ஆவணியில் கனடாவிலிருந்து புதுக்குடியிருப்புக்கு வந்த மச்சான் இரண்டு பெட்டிகளை எங்களிடம் விட்டுப் போனான். ஒன்று ரிஸ்க், மற்றது ஆக்ஸிஸ் அண்ட் அலைஸ். இரண்டும் ஆறு முகத் தாயக்கட்டை எறிந்து பலகையில் ஆடும் போர் விளையாட்டுகள். பிளாஸ்டிக் யுத்த தாங்கிகளைப் பாயில் பரப்பியதும் அம்மா முகத்தைச் சுளித்தார். எங்கள் ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. நாங்கள் விறாந்தையின் மற்ற மூலைக்கு மாறினோம்.

1957இல் பிரான்சில் வெளிவந்த ரிஸ்க்கில் தாக்குபவருக்கு மூன்று கட்டை வரை, காப்பவருக்கு இரண்டு வரை. பெரியதோடு பெரியதையும் அடுத்ததோடு அடுத்ததையும் ஒப்பிடுவார்கள். சமமாக விழுந்தால் காப்பவர் பக்கம். சூட்சுமம் இந்தச் சமனில்தான் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று எறிந்தால் 36 விதங்களில் 15இல் மட்டுமே தாக்குபவர் வெல்வார். மூன்றுக்கு இரண்டு என்றால் நிலைமை திரும்பிவிடும்: காப்பவர் இரண்டு படை இழப்பது 37 வீதம், தாக்குபவர் இரண்டு இழப்பது 29 வீதம், மிச்சம் ஆளுக்கொன்று.

தம்பிக்கு இது பிடிபடவில்லை. மூன்றே படையோடு அடிக்கப் போவான். ஒரு படை நாட்டில் நிற்க வேண்டும், ஆகவே கையில் வருவது இரண்டு கட்டை. இரண்டுக்கு இரண்டில் தாக்குபவரின் இரண்டும் போவது 45 வீதம், எதிரியின் இரண்டும் போவது 23தான். "மூண்டு தரம் ஒண்டு விழுந்திட்டுது, இனி ஆறுதான்" என்று எறிவான். முன்பு என்ன விழுந்தது என்று கட்டைக்கு எங்கே தெரியும்?

ஆக்ஸிஸ் அண்ட் அலைஸில் ஒவ்வொரு படைக்கும் ஓர் எண். தாக்கும் காலாட்படைக்கு 1 விழுந்தால்தான் அடி, தாங்கிக்கு 3 வரை விழலாம். ஆறு காலாட்படை, இரண்டு தாங்கி, எதை அனுப்பினாலும் சராசரி ஓர் அடிதான். ஆனால் ஓர் அடிகூடப் படாமல் போவது காலாட்படைக்கு 33 வீதம், தாங்கிக்கு 25. அப்படிப் பார்த்தால் தாங்கி நல்லது. ஆனால் திருப்பி அடி விழும்போது தாங்கிக்காரரிடம் இழக்க இரண்டுதான் இருக்கும்.

அதிர்ஷ்டத்தைக் குறைத்து ஆடும் முறையும் உண்டு. எண்களைக் கூட்டி ஆறால் வகுப்பார்கள். ஈவு நிச்சய அடி, மீதிக்கு மட்டும் ஒரு கட்டை. நாலு காலாட்படையும் இரண்டு தாங்கியும் சேர்ந்தால் 10: ஓர் அடி நிச்சயம், இன்னொன்றுக்கு 4 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். எனக்கு இது கணக்குப் பாடம் மாதிரி. சோகி குலுக்கித் தாயம் ஆடி வளர்ந்த அம்மம்மா, "நிச்சயமெண்டால் பிறகேன் எறியிறியள்?" என்றார்.

மாலைப் பொழுதுக்கு ரிஸ்க்தான் என் தெரிவு. மற்றதற்கு ஒரு முழு ஞாயிறு வேண்டும். தம்பி இப்போது நாலு படை சேரும்வரை பொறுக்கிறான். எறிவதற்கு முன் கட்டையில் ஊதுவதை மட்டும் விடவில்லை.