சுயசான்றுக் கட்டட அனுமதிச் சேவை: வீடு கட்டுபவரின் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

சுயசான்றின் அடிப்படையில் உடனடியாகக் கட்டட அனுமதி வழங்கும் இணையவழிச் சேவையைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலை 22 அன்று தொடங்கிவைத்தது. சொந்த மனையில் சிறு வீடு கட்ட நினைப்பவர்களுக்கு இம்மாநிலத்தில் இதுவரை கிடைத்த அரசுச் சேவைகளில் மிகவும் பயனுள்ளவற்றுள் இதுவும் ஒன்று என்பதே என் மதிப்பீடு. ஆனால் அந்த அனுமதி எதற்குப் பொறுப்பேற்கிறது, எதற்கு ஏற்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ளாமல் இதைப் பயன்படுத்துபவர், பின்னாளில் எவரிடமும் முறையிட முடியாத நிலைக்குத் தள்ளப்படலாம். ஆகவே சேவையின் நிறைகளோடு, அதற்கு அடியில் இருக்கும் சட்ட ஏற்பாட்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

இந்தச் சேவைக்கு அடித்தளம் 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதற்கு முன்பு நகராட்சிகளுக்கு 1972ஆம் ஆண்டு விதிகள், பல மாடிக் கட்டடங்களுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் 1973ஆம் ஆண்டு விதிகள், ஊராட்சிகளுக்கு 1997ஆம் ஆண்டு விதிகள், சென்னைப் பெருநகரப் பகுதிக்குத் தனி ஒழுங்குமுறைகள் என்று நூல்கள் பலவாக இருந்தன. ஊராட்சி எல்லைக்கும் நகராட்சி எல்லைக்கும் இடையே ஒரு தெருதான் இடைவெளி என்றாலும், அந்தத் தெருவின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு விதிகள் பொருந்தின. அவற்றை ஒரே தொகுப்பாக்கியது பெரிய சீர்திருத்தம். மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு, கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய செட்பேக் எனப்படும் திறவிடம், வாகன நிறுத்துமிடம், மழைநீர் சேகரிப்பு ஆகிய அனைத்துக்கும் இன்று ஒரே இடத்தில் விடை கிடைக்கிறது. இந்த ஒருமைப்பாடு இல்லாமல் இணையவழி உடனடி அனுமதி என்பதே சாத்தியமாகியிருக்காது.

தொடக்க அறிவிப்பின்படி, 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமாகவோ தரைத்தளமும் முதல் தளமுமாகவோ 3,500 சதுர அடி வரை, ஏழு மீட்டர் உயரத்துக்குள் கட்டப்படும் குடியிருப்புகளுக்கு இச்சேவை பொருந்தும். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி என்பதால், நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் மனைகளில் பெரும்பகுதி இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. ஒற்றைச் சாளர இணையதளத்தில் பதிவு செய்து, கிரயப் பத்திரம், பட்டா, வரைபடம், மனையின் புகைப்படம் போன்றவற்றைப் பதிவேற்றி, கட்டணத்தைச் செலுத்தினால், சரிபார்ப்புக் குறியீட்டுடன் கூடிய அனுமதிக் கடிதம் பதிவிறக்கத்துக்குத் தயாராகிவிடுகிறது. அனுமதிக்கு முன் கள ஆய்வு இல்லை. பரிசீலனைக் கட்டணத்துக்கும் உட்கட்டமைப்பு வசதிக் கட்டணத்துக்கும் விலக்கு உண்டு. பணி நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒரே கட்டணம் உள்ளாட்சி அமைப்பின் தரத்துக்கேற்ப மாறுகிறது. முன்பு தனித்தனித் தலைப்புகளில் செலுத்தியவற்றை ஒன்றாகக் கூட்டும்போது அது அதிகமாகத் தோன்றக்கூடும். இருந்தாலும், அலுவலகத்துக்கு அலைவதும் இடைத்தரகருக்குக் கொடுப்பதும் இல்லாமல் போகிற அளவுக்கு இது நியாயமானது என்றே கருதுகிறேன்.

கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்பது இச்சேவையின் மிகப் பெரிய பயன். வங்கிக் கடனுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அனுமதி எப்போது கிடைக்கும் என்று தெரியாததால் கடன் தொகையைப் பெறுவதும், அதன் விளைவாக மழைக்காலத்துக்கு முன் அடித்தளப் பணியை முடிப்பதும் தள்ளிப்போவதைத் தமிழ்நாட்டில் வீடு கட்டிய எவரும் அறிவர். அந்தக் காத்திருப்பை இச்சேவை நீக்கியிருக்கிறது.

இனி இதன் மறுபக்கத்துக்கு வருவோம். சுயசான்று என்றால், விண்ணப்பதாரர் தரும் விவரங்கள் உண்மையானவை, வரைபடம் விதிகளுக்கு உட்பட்டது என்று அவரே கையொப்பமிட்டு உறுதியளிக்கிறார். முன்பு அதிகாரி ஒருவர் வரைபடத்தைப் பார்த்துத் திருத்தம் கேட்டபோது எரிச்சல் ஏற்பட்டாலும், அந்தத் திருத்தம் உரிமையாளருக்கு ஒரு பாதுகாப்பாகவும் இருந்தது. இப்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. விவரம் தவறு என்று தெரியவந்தால் அனுமதி ரத்தாகும். கட்டடம் அனுமதியற்றதாகக் கருதப்படும். மனையின் அகலம் பட்டாவில் ஒன்றாகவும் நிலத்தில் வேறாகவும் இருப்பது அரிதன்று. நில அளவரைக் கொண்டு எல்லைக் கல்லைச் சரிபார்க்காமல், பத்திரத்தில் உள்ள அளவை அப்படியே வரைபடத்தில் ஏற்றிக் கையொப்பமிடுபவர், தமக்குத் தெரியாத ஓர் அளவுக்குச் சான்று கொடுக்கிறார். படிவத்தைப் பெரும்பாலும் வரைபடக்காரரோ கணினி மையத்தில் இருப்பவரோ நிரப்புகிறார் என்பதால், உறுதிமொழியின் வாசகத்தை உரிமையாளர் வாசிப்பதே இல்லை. அந்த வாசகம் எளிய தமிழில், பெரிய எழுத்தில், தனிப்பக்கமாக வர வேண்டும் என்பது இச்சேவை குறித்து என் முதல் கோரிக்கை.

அனுமதி கிடைத்த பிறகு வரைபடத்தை மீறிக் கட்டுவதும் இங்கே பரவலான பழக்கம். திறவிடத்துக்குள் படிக்கட்டு இறங்கும், மாடியில் ஓர் அறை கூடும், சன்ஷேடு பால்கனியாக மாறும். பிறகு வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொல்வார். ஆனால் அப்படி வரன்முறைப்படுத்த இடம்தரும், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு, 2007 ஜூலை 1 அன்றோ அதற்கு முன்போ கட்டப்பட்டவற்றுக்கு மட்டுமே உரியது. இன்று கட்டும் வீட்டுக்கு அதில் இடமே இல்லை. கள ஆய்வு இல்லாததை விதிமீறலுக்கான இசைவாக எடுத்துக்கொள்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இந்த மதிப்பீட்டில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. அனுமதிக் கடிதம் மனையையும் வரைபடத்தையும் பற்றியது. வீட்டைக் கட்டப்போகிறவரைப் பற்றியது அன்று. கட்டடக் கலைஞருக்கு 1972ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி பதிவு உண்டு. ஒருங்கிணைந்த விதிகளின்படி பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் ஆகியோருக்குப் பதிவு முறை உண்டு. பொதுப்பணித் துறையில் பணி எடுக்கும் ஒப்பந்ததாரருக்கு வகுப்பு வாரியாகப் பதிவு உண்டு. ஆனால் தனியார் மனையில் சதுர அடி விலை பேசி வீடு கட்டித் தருபவருக்கு உரிமம் எதுவும் தேவையில்லை. நேற்று வரை வேறு தொழில் செய்தவர் இன்று கட்டட ஒப்பந்ததாரர் என்று பலகை வைத்தால், அவருடைய தகுதியைக் கேட்கும் அதிகாரம் கொண்ட அமைப்பு எதுவும் இம்மாநிலத்தில் இல்லை.

பெரிய கட்டடங்களுக்கு இந்த நிலை ஓரளவு மாறியதற்குக் கொடுக்கப்பட்ட விலை மிகப் பெரியது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். அருகில் நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நீதிபதி ஆர். ரகுபதி தலைமையிலான விசாரணை ஆணையமும் அதை ஒட்டி எழுந்த விவாதமும், மண் பரிசோதனை, கட்டமைப்பு வடிவமைப்பு, பணியிடக் கண்காணிப்பு ஆகியவற்றுக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஆட்கள் வேண்டும் என்ற எண்ணத்தை வலுப்படுத்தின. ஆயினும் அந்த எண்ணம் உயரமான கட்டடங்களோடு நின்றுவிட்டது. இரண்டு தள வீடும் மனிதர் தலைக்கு மேல் கான்கிரீட்டைத்தான் நிறுத்துகிறது.

ரெரா எனப்படும் மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2016ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் நல்ல சட்டம். வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்றும், ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்தால் முப்பது நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் அது கட்டி விற்பவரைக் கட்டுப்படுத்தும் சட்டம். அதிலும் 500 சதுர மீட்டரைத் தாண்டாத நிலத்திலோ எட்டு வீடுகளைத் தாண்டாத அளவிலோ அமையும் திட்டங்களுக்குப் பதிவுக் கடமை இல்லை. சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டுபவர் அதன் எல்லைக்குள் வருவதே இல்லை. அடுக்குமாடியில் வீடு வாங்குபவருக்குக் கிடைக்கும் ஐந்தாண்டுப் பொறுப்பு, தன் வாழ்நாள் சேமிப்பைப் போட்டுத் தனி வீடு கட்டுபவருக்குச் சட்டப்படி கிடைப்பதில்லை என்பது கவலைக்குரிய முரண்.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒப்பந்ததாரர் உரிம வாரியம் 1929 முதல் இயங்குகிறது. 2025 ஜனவரி முதல் 1,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட பணியை எடுப்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும். அதற்கு முன்பு இந்த வரம்பு 500 டாலராக இருந்தது. உரிமம் பெறுபவர் 25,000 டாலர் பிணைப் பத்திரம் வைக்க வேண்டும். ஒருவரின் உரிம எண்ணைக் கொண்டு அது நடப்பில் உள்ளதா, அவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்று எவரும் இணையத்தில் பார்க்கலாம். அதே முறையை இங்கே அப்படியே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத, ஆனால் செங்கலையும் சாந்தையும் நன்கறிந்த கொத்தனார்கள் இங்கே ஏராளம். தேர்வு வைத்து அவர்களை வெளியேற்றுவது அநியாயம். ஆனால் மொத்த ஒப்பந்தம் எடுத்துப் பணத்தைக் கையாளுபவருக்காவது பதிவு எண்ணும், ஒரு சிறு பிணைத்தொகையும், புகார் வரலாறும் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படி ஒரு சட்டம் வரும் வரை, இச்சேவையைப் பயன்படுத்துபவர் தம் பாதுகாப்பைத் தாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பும் அது சுட்டும் இந்தியத் தர நிர்ணயங்களும், ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதப்பட்ட உடனேயே ஒப்பந்ததாரரைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகளாகிவிடுகின்றன. உதாரணமாக, கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 தர நிர்ணயம், கம்பி கட்டிய கான்கிரீட் எம்-20 தரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது; எம் எழுத்தை அடுத்த எண் கூடக் கூட கான்கிரீட்டின் வலிமை கூடும். கடற்கரைச் சூழலில் நேரடியாக வெளிப்படும் கான்கிரீட்டுக்கு எம்-30 தரமும், கம்பிக்கு வெளியே அதை மூடி நிற்கும் கான்கிரீட் 45 மில்லிமீட்டர் தடிமனில் இருப்பதையும் கேட்கிறது. கடலோர ஊர்களில் சில ஆண்டுகளிலேயே கம்பி துருப்பிடித்துத் தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து விழுவதற்கு, கம்பியைப் பலகையிலிருந்து விலக்கி நிறுத்தும் சிறு கட்டைகளான கவர் பிளாக்குகளை வைக்காமல் கம்பியைச் சென்ட்ரிங் பலகையின் மேல் படுக்கவைத்துக் கான்கிரீட் போடுவது ஒரு முக்கியக் காரணம். சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது ஏழு நாட்களும், சாம்பல் கலந்த வகைச் சிமென்ட்டுக்குப் பத்து நாட்களும் நீராற்ற வேண்டும் என்றும் அதே தர நிர்ணயம் சொல்கிறது. இன்று சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது கலப்பு வகைதான் என்பதால், மூன்றாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்தும் பழக்கத்தை உரிமையாளர் அனுமதிக்கக் கூடாது. தளம் போடும் நாளில் 150 மில்லிமீட்டர் கனசதுர மாதிரிகள் எடுத்து 28ஆம் நாள் ஆய்வகத்தில் சோதிப்பதற்கு ஆகும் செலவு, மொத்த வீட்டுச் செலவில் மிகச் சிறியது. ஒப்பந்ததாரர் இதற்கு மறுத்தால், அந்த மறுப்பே அவரைப் பற்றிப் போதுமான தகவல்.

ஒப்பந்தம் முத்திரைத்தாளில், கட்டம் கட்டமாகப் பணம் கொடுக்கும் அட்டவணையோடு, சிமென்ட், கம்பி, எம்-சாண்ட் ஆகியவற்றின் தரம் குறிப்பிட்டு எழுதப்பட வேண்டும். அப்படி எழுதியிருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கை கொடுக்கும். அந்தச் சட்டம் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவை என்றே வரையறுக்கிறது; கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம்; குறை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். வாய்ப்பேச்சில் கட்டியவருக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால் எதை ஒப்புக்கொண்டார்கள் என்று மெய்ப்பிப்பதற்கே அவருடைய காலமும் பணமும் போய்விடும்.

பணி நிறைவுச் சான்றிதழ் விலக்கு குறித்தும் ஒரு சொல். அலைச்சல் குறைகிறது என்பதால் மக்கள் இதை வரவேற்கிறார்கள். ஆனால் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதியற்ற கட்டடங்கள் குறித்த ஒரு வழக்கில், நிறைவுச் சான்றிதழைப் பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் போன்ற இணைப்புகளைத் தர வேண்டும், வங்கிகளும் அதைச் சரிபார்த்த பின்பே கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது. மாநில விதி விலக்களிக்கும் சிறு வீட்டின் உரிமையாளர், வேறோர் ஊரின் வங்கியிலோ பின்னாளில் வாங்க வருபவரிடமோ அந்த விலக்கை விளக்க நேரலாம். எனவே அனுமதிக் கடிதத்திலேயே, எந்த விதியின் கீழ் விலக்கு என்பதைத் தெளிவாக அச்சிட்டுத் தருவது அவசியம். அதோடு, அடித்தளம், தளம் போடுதல், முடிவு ஆகிய மூன்று கட்டங்களிலும் உரிமையாளரோ பொறியாளரோ புகைப்படங்களையும் ஆய்வக அறிக்கையையும் தாமாகப் பதிவேற்றும் வசதியை இதே இணையதளத்தில் சேர்க்கலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. புதிய அலுவலரும் தேவையில்லை. கட்டியவரின் பெயரும் அங்கே பதிவானால், நல்ல ஒப்பந்ததாரருக்கு அது விளம்பரமாகும். அடுத்து வீடு கட்டுபவருக்கு விசாரிக்க ஓர் இடம் கிடைக்கும்.