குழந்தையின் நெஞ்சுச் சளிக்கு எக்ஸ்ரேயா, ஸ்கேனா?

இருமலும் காய்ச்சலுமாகத் தூக்கி வரும் குழந்தைக்கு நிமோனியா இருக்கிறதா என்று பார்க்க, வேலூர்ப் பக்கம் பழகிப்போன வழி நெஞ்சு எக்ஸ்ரே. ஸ்கேன் என்றால் கர்ப்பிணிக்கும் கல்லடைப்புக்கும்தான் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். அதே அல்ட்ராசவுண்டைக் குழந்தையின் நெஞ்சில் வைத்தும் நிமோனியாவைக் கண்டுபிடிக்கலாம். பல விஷயங்களில் அது எக்ஸ்ரேயை முந்தியே நிற்கிறது. ஆனால் அதற்காக எக்ஸ்ரே அறையைப் பூட்டிவிட முடியாது.

இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதற்குச் செலவே இல்லை. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு நிமிடம் முழுசாக மூச்சை எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 5 வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேக மூச்சுதான். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ரத்தத்தில் ஆக்ஸிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே என்று காட்டினாலோ படத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆக்ஸிஜன் உள்ள இடத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பக்கூடிய குழந்தைக்கு வழக்கமாக எக்ஸ்ரே தேவையில்லை என்று 2011-இல் வந்த அமெரிக்க, பிரிட்டிஷ் வழிகாட்டுதல்கள் இரண்டுமே சொல்லிவிட்டன. இங்கே எடுக்காமல் விட்டால், “ஒரு எக்ஸ்ரே கூட எடுக்கல, இன்னா டாக்டரு இவரு?” என்பார்கள். பாதிப் படங்கள் அந்தப் பேச்சுக்குப் பயந்து எடுப்பவை என்பது என் எண்ணம்.

சரி, படம் தேவைப்படும் குழந்தைக்கு வருவோம். அல்ட்ராசவுண்ட் அலைக்குக் காற்றைத் தாண்டிப் போகத் தெரியாது. அதனால் நல்ல நுரையீரலில் அதன் மேலுறை மட்டும் மூச்சோடு வழுக்கி நகரும் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். கீழே அதன் எதிரொலியாகச் சில படுக்கைக் கோடுகள், அவ்வளவுதான். ஈரம் கூடினால் மேலிருந்து கீழாக வெள்ளைக் கீற்றுகள் இறங்கும். காற்றறைகளில் சீழும் சளியும் அடைத்துவிட்டால் அந்தப் பகுதி திரையில் ஆட்டு ஈரல் மாதிரி கெட்டியாகத் தெரியும். அதற்குள் வெள்ளைப் புள்ளிகள் மூச்சோடு ஓடினால் நிமோனியா பக்கம் சாயலாம். அசையாமல் நின்றால் அந்த இடம் காற்று போகாமல் சுருங்கிக் கிடக்கிறதோ என்று யோசிக்க வேண்டும். குழந்தைகளின் நெஞ்சுச் சுவர் மெல்லியது, எலும்பு முழுசாக இறுகாதது. பெரியவர்களைவிட இவர்களிடம் படம் தெளிவாக வருவது அதனால்தான். அம்மா மடியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், கதிர்வீச்சு கிடையாது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சும் மிகச் சொற்பம்தான், அதற்குப் பயந்து யாரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. எக்ஸ்ரேயின் உண்மையான தொல்லை வேறு. குழந்தை அழும், திரும்பும், பாதி மூச்சில் படம் விழும். கைக்குழந்தையின் நடுநெஞ்சில் இயல்பாகவே பெரிதாக இருக்கும் தைமஸ் சுரப்பியின் நிழலையே நிமோனியா என்று படித்துவிடுவதும் நடக்கும்.

2015-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற குழந்தை மருத்துவ இதழில், பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு வந்தது. அதில் நிமோனியா உள்ள 100 குழந்தைகளில் 96 பேரை ஸ்கேன் பிடித்தது. இல்லாத 100 பேரில் 93 பேருக்கு இல்லை என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்கேன் சொன்னது சரியா என்று அங்கே ஒத்துப் பார்த்தது எக்ஸ்ரேயையும் மருத்துவரின் முடிவையும் வைத்துத்தான். எனக்குப் பிடித்தது நியூயார்க்கில் 191 குழந்தைகளிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு. முதலில் ஸ்கேன் பார்த்த குழுவில் எக்ஸ்ரே எடுப்பது சுமார் 39 சதவீதம் குறைந்தது, நிமோனியா எதுவும் தவறவில்லை. பாக்கிப் பேருக்கு அங்கேயும் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

நெஞ்சில் நீர் கோத்த குழந்தைக்கு மட்டும் போட்டியே இல்லை, ஸ்கேன்தான். படுத்திருக்கும் குழந்தையின் எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் வெளுத்துத் தெரியும். அது நீரா, கெட்டிப்பட்ட நுரையீரலா என்று பிரிப்பது சிரமம். ஸ்கேனில் நீர் கருப்பாக நிற்கும். சீழாகி உள்ளே நூல்நூலாகத் தடுப்பு விழுந்திருப்பதை சி.டி.யை விடவும் நன்றாகக் காட்டும். ஊசியை எந்த இடத்தில் இறக்கலாம் என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம்.

எக்ஸ்ரேக்கு என்று உள்ள இடங்களும் உண்டு. நுரையீரலின் நடுவில், மேலுறையைத் தொடாமல் இருக்கும் நிமோனியா ஸ்கேனுக்குத் தெரியாது. காசநோயில் வீங்கும் நடுநெஞ்சு நெறிக்கட்டிகளுக்கும் முதலில் எக்ஸ்ரேதான். அப்புறம் நிலக்கடலை. திருவண்ணாமலை வரைக்கும் விளைகிற கடலை, தவழும் பிள்ளை வாயில் போட்டு மூச்சுக்குழலில் சிக்கினால் எக்ஸ்ரேயிலும் கடலையே தெரியாது. ஒரு பக்கம் காற்று அடைபட்டு உப்பியிருப்பது தெரிந்தால் உண்டு, ஸ்கேனில் அதையும் எதிர்பார்க்க முடியாது. திடீரென்று புரையேறி அதிலிருந்து இருமல் என்றால், எந்தப் படம் நன்றாக இருந்தாலும் குழாய் விட்டு மூச்சுக்குழலுக்குள் பார்க்கும் பரிசோதனை (பிராங்கோஸ்கோபி) பற்றிக் கேளுங்கள்.

ஸ்கேனிடம் எனக்குள்ள மனத்தாங்கல் அது அளவுக்கு மீறிப் பார்ப்பது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சின்னச் சின்னக் கெட்டிப்புகள் சாதாரண வைரஸ் சளியிலும், கைக்குழந்தைகளின் மூச்சுச் சிறுகுழல் அழற்சியிலும் வரும். அதைப் பார்த்ததும் ஆன்டிபயாட்டிக் எழுதினால் நல்ல கருவியால் கெட்ட வைத்தியம் நடக்கும். வைரஸா பாக்டீரியாவா என்று இரண்டு படங்களாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல் சட்டம். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஸ்கேன் கருவி பதிவு பெற்ற இடத்தில்தான் இருக்க வேண்டும். கையடக்கக் கருவி வந்துவிட்டது என்பதற்காக அதைப் பையில் போட்டுக்கொண்டு பீஞ்சமந்தை மலைக்கு ஏறிவிட முடியாது. சட்டம் வந்த காரணம் நியாயமானது, தளர்த்தச் சொல்ல மாட்டேன். மலையில் மூச்சு எண்ணத் தெரிந்த செவிலியரும் ஆக்ஸிமீட்டரும் 108-ம் போதும். சி.எம்.சி., அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி பெரிய மருத்துவமனைகளில் சேர்க்கும் குழந்தைக்கு, பயிற்சி உள்ளவர் பக்கத்தில் இருந்தால் முதலில் ஸ்கேன், சந்தேகம் மிஞ்சினால் எக்ஸ்ரே என்பேன். பயிற்சி இல்லாத கையில் ஸ்கேனை விட, சுமாரான எக்ஸ்ரே மேல். அதையாவது இன்னொருவரிடம் காட்டிக் கேட்கலாம்.

குணமான பிறகு “சளி முழுசாகப் போயிடுச்சா” என்று மறுபடி படம் கேட்பவர்களுக்கு ஒன்று: எக்ஸ்ரேயில் நிழல் மறைய வாரக்கணக்கில் ஆகும். காய்ச்சல் விட்டு, மூச்சு சீராகி, பிள்ளை இட்லி கேட்டுச் சாப்பிடுகிறது என்றால் எந்தப் படமும் வேண்டாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா வந்தாலோ, நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கியிருந்தாலோ மட்டும் 4 முதல் 6 வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.