1856 மாடல் கைவண்டி: வடிவத்துக்கு 4, மரத்துக்கு 1

அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போன, மாட்டு வண்டி வாங்க வசதியில்லாத மார்மன் சபையாருக்காக (அமெரிக்காவில் தோன்றிய ஒரு மதப்பிரிவினர்) செய்த வண்டி இது. அயோவா சிட்டியில் ரயிலை விட்டு இறங்கி, யூட்டாவில் உள்ள சால்ட் லேக் சிட்டிவரை சுமார் 2,100 கிலோமீட்டர் ஆட்களே இழுக்க வேண்டும். லிவர்பூலிலிருந்து கப்பல், ரயில் எல்லாம் சேர்த்துப் பெரியவருக்கு 9 பிரிட்டிஷ் பவுண்டு. அந்தப் பணத்துக்கு வேறு வழி இருக்கவில்லை.

வடிவத்தில் பெரிய குறை இல்லை. வெறும் வண்டி ஏறக்குறைய 27 கிலோதான். சக்கரம் நாலடிக்குக் குறையாததால் மேடு பள்ளத்தில் சிக்காமல் ஏறும். இரண்டு சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி பெரிய வண்டிகளுக்கு உள்ளதே, ஆகவே பழைய வண்டித்தடத்திலேயே ஓடும். வண்டிக்கு 5 பேர், ஆளுக்கு 7.7 கிலோ மூட்டை. கூடாரமும் மீதி மாவும் மாட்டு வண்டியில் வரும்.

கோளாறு மரத்தில். அவசரத்தில் காயாத பச்சை மரத்தில் செய்துவிட்டார்கள். மேற்கே போகப் போகக் காற்று வறண்டு மரம் சுருங்கும். சக்கரத்தின் நடுக்குடத்தில் ஆரக்கால் ஆடும், சக்கரத்தைச் சுற்றிய பட்டா கழன்று விழும். ராத்திரி சக்கரத்தை ஆற்றில் ஊறப்போட்டால் மரம் உப்பி இறுகும். மறுநாள் வெயிலில் பழைய கதைதான்.

அதைவிட மோசம் அச்சு. அதுவும் மரம், இரும்பை மிச்சம் பிடித்த இடம். குடத்துக்கும் அச்சுக்கும் நடுவே மணல் புகுந்து அரம்போல ராவும். வண்டி மை தீர்ந்ததும் பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் தடவினார்கள். பசை இருந்தால் மணல் இன்னும் ஒட்டும்! பூட்ஸின் மேல்தோலை வெட்டி அச்சில் சுற்றியது கொஞ்சம் தாங்கியது, ஆனால் பிறகு காலுக்கு என்ன செய்வது? வழியில் நெப்ராஸ்காவின் ஃபுளோரன்ஸில், வில்லி என்பவர் தலைமையில் போன குழுவின் வண்டி ஒவ்வொன்றிலும் 44 கிலோ மாவு மூட்டையைக் கூடுதலாக ஏற்றியது அச்சுக்கு எமன்.

ஜூன் 9-இல் கிளம்பிய எல்ஸ்வொர்த் குழு செப்டம்பர் 26-இல் போய்ச் சேர்ந்துவிட்டது. வில்லி, மார்ட்டின் குழுக்கள் வந்தபோது வண்டியே தயாராகவில்லை. ஜூலை பாதிக்கு மேல்தான் கிளம்பினார்கள். அக்டோபர் 19-இல் வயோமிங்கில் பனி பிடித்துக்கொண்டது. இரண்டிலும் சேர்த்து 200-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஜூனுக்குள் கிளம்புகிறவர் எடுக்கலாம். அதற்கு முன் ஆரக்காலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அச்சுமுனையில் இரும்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த வண்டி வேண்டாம்.