ஓக் குரோவின் தாழ்ந்த கூரை: எட்டு ஆண்டுகள் ஆடிய பிறகு

கடந்த வாரம் ஒரே நாளில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆறு ஆண்டுகளாக என் கைக்குப் பழகியிருந்த 'அவியார்' என்னும் எறிதட்டு, ஓக் குரோவ் டிஸ்க் கோல்ஃப் (பந்துக்குப் பதில் தட்டை எறிந்து கூடையில் விழவைக்கும் ஆட்டம்) மைதானத்தின் ஒரு மரத்தில், எட்டாத உயரத்துக் கவட்டையில் செருகிக்கொண்டு இறங்க மறுத்துவிட்டது. அன்று மாலையே, அண்மையில் கலிபோர்னியாவின் பாசடீனாவுக்குக் குடிவந்த இளம் நண்பர் ஒருவர், "சின்ன கோர்ஸ்தானே அண்ணா, புதுசா ஆடுறவனுக்குச் சுலபமா இருக்குமா?" என்று செய்தி அனுப்பினார். இவ்விரண்டுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே இதில் நியாயம் எங்கே முடிந்து கோபம் எங்கே தொடங்குகிறது என்பதை வாசிப்பவர்கள்தாம் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பதினெட்டுக் கூடைகள், ஹஹமோங்னா பூங்கா, பக்கத்திலேயே ஜெட் உந்துவிசை ஆய்வகம், 1975இல் எட் ஹெட்ரிக் அமைத்த உலகின் முதல் நிரந்தர மைதானம் என்பன போன்ற விவரங்கள் ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாததும், எட்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை தவறாமல் போயும் எனக்கு இன்னும் பழகாததும் ஒன்று உண்டு. அது அந்த மைதானத்தின் மேல் மரக்கிளைகள் வேய்ந்திருக்கும் கூரை.

அங்கே நிற்பவை கலிபோர்னியாவின் கடற்கரை ஓக் மரங்கள். தென்னையைப் போல நேராக நிமிர்ந்து, 'கீழே உன் பாடு, மேலே என் பாடு' என்று ஒதுங்கி நிற்கும் குணம் அவற்றுக்குக் கிடையாது. கிளைகள் முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும். சில மரங்களில் அவை தரையையே தொட்டுவிடும். இலை ஆண்டு முழுவதும் இருக்கும், ஆண்டு முழுவதும் உதிரவும் செய்யும். இதன் விளைவாக, கூடை அறுபது எழுபது மீட்டரில் கண்ணுக்குத் தெரிந்தாலும், அதற்குப் போகும் வழி தரைக்கும் கிளைக்கும் நடுவே தாழ்வாரம் போலக் குனிந்து கிடக்கும்.

சிறிய மைதானம் சுலபமானது என்று நினைக்கும் நண்பருக்கு இந்தக் கூரையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். வேகம் குறைந்த தட்டு தூரம் போவதற்கு உயரம் தேவைப்படுகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் அது பறக்கும் விதத்தைச் சொல்லும் எண்கள் உண்டு, அவற்றில் முதலாவது வேகம். அவியாருக்கு அது இரண்டே இரண்டுதான், எனவே அதைக் கொஞ்சம் மேல்நோக்கி எறிந்து மிதக்கவிட்டால்தான் அறுபது மீட்டரைக் கடக்கும். கூரை அதற்கு இடம் கொடுக்காது. சரி, தாழ்வாகவே பறக்கட்டும் என்று டெஸ்ட்ராயர் போன்ற வேகம் பன்னிரண்டு உள்ள தட்டை எடுத்தால், அதற்கு வேண்டிய வேகம் என் கையில் இல்லை. மெதுவாக விட்டாலோ, வலக்கைக்காரன் உடலுக்குக் குறுக்கே கையை வீசி எறியும் பேக்ஹேண்ட் எறியில் அது கடைசிக் கால்வாசித் தூரத்தில் இடப்பக்கம் சரிந்து, அங்கே காத்திருக்கும் அடிமரத்தில் போய் மோதும். மேலே கிளை, இடப்புறம் மரம், கையில் எந்தத் தட்டு இருந்தாலும் ஏதோ ஒன்று தவறானது என்னும் இந்த நெருக்கடியை, நீளமான மைதானங்களில் வாரத்துக்கு ஒரு முறை சந்திப்பது அபூர்வம். இங்கே அது ஏறக்குறைய ஒவ்வொரு டீயிலும், அதாவது முதல் எறியை எறியும் இடத்திலும், நிற்கிறது.

இதற்கு நான் கண்ட வழிகள் மூன்று. முழங்காலிட்டு இடுப்புயரத்தில் எறிவது, தட்டை நிமிர்த்திச் சக்கரம் போலத் தரையில் உருளவிடுவது, பாதித் தூரத்துக்கு அடக்கமாக எறிந்துவிட்டு அங்கிருந்து கூடைக்குப் போவது. மூன்றாவதே புத்திசாலித்தனமானது. அதைத்தான் நான் மிகக் குறைவாகச் செய்கிறேன்.

குறிப்பாக ஒரு கிளை உண்டு. கூடைக்கு முன்னால், சரியாக நல்ல எறி போக வேண்டிய உயரத்தில், எருமையின் கழுத்தைப் போலக் கிடக்கும். அதை வெட்டிவிட்டால் என்ன என்று கேட்காத ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை. அந்தப் பகுதியில் ஓக் மரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆட்ட விதிகளும் அப்படித்தான், நிற்கும் இடத்துக்கு இடைஞ்சல் என்று மரத்தில் இருக்கும் கிளையை ஒடிக்கவோ வளைத்துப் பிடிக்கவோ கூடாது. மரத்துக்கு இரட்டைக் காவல், எனக்கு ஒன்றும் இல்லை.

தட்டு மரத்தில் தங்கிவிட்டால் என்ன கணக்கு என்பதையும் நண்பர் தெரிந்துகொள்ள வேண்டும். தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேலே தங்கினால் ஒரு எறி தண்டம் என்பது பழைய விதி. இப்போது போட்டி நடத்துபவர் அவ்வாறு அறிவித்திருந்தால் மட்டுமே அந்தத் தண்டம், மற்றபடி நேர் கீழே தரையில் குறி வைத்து அங்கிருந்து ஆடலாம். ஆட்டம் தொடர்கிறது, தட்டு தொடர்வதில்லை. ஹெட்ரிக்கே வேடிக்கையாக ஒரு மதத்தைச் சொல்லிவந்தார்: அதைச் சேர்ந்தவர்களின் உயிர் செத்த பிறகு எங்கும் போவதில்லையாம், கூரைமேல் விழுந்த தட்டைப் போல அங்கேயே கிடக்குமாம். 2002இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். கவட்டையில் கிடக்கும் என் அவியாரை அண்ணாந்து பார்த்தபோது, இந்த மனிதர் இதையெல்லாம் யோசித்துத்தான் இந்தத் தோப்பைத் தேர்ந்தெடுத்தாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் அங்கே சங்கிலிக் கூடைகள் இல்லை; இலக்குகளாக நின்றவை வெறும் கம்பங்கள். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற தகராறுகளுக்கு முடிவு கட்டத்தான் ஹெட்ரிக் சங்கிலிக் கூடையை உருவாக்கி 1977இல் காப்புரிமை பெற்றார். தாழ்வாரத்தில் நுழைந்து, எருமைக் கழுத்துக்கு ஒரு சாண் கீழே போய், சருகுகளை உரசாமல் மிதந்து, அந்தச் சங்கிலியில் கலீரென்று விழும் ஓர் எறிக்கு ஈடாக, லா மிராடா மைதானத்தின் அகன்ற புல்வெளியில் நூறு மீட்டர் எறிந்தபோதுகூட நான் எதையும் உணர்ந்ததில்லை. பையில் பதினைந்து தட்டுகளைச் சுமந்துகொண்டு திரிந்தவன், இன்று கூடைக்கு அருகில் எறியும் பட்டர் இரண்டு, நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்ச் ஒன்று என்று மூன்றே தட்டுகளோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறேன். கூடையைச் சுற்றிய பத்து மீட்டர் வட்டத்துக்குள் என் கை நடுங்குவதில்லை. இவை அனைத்தும் அந்தக் கூரை கொடுத்தவை.

அது பறித்துக்கொண்டதும் உண்டு. எட்டு ஆண்டுகளாகக் குனிந்தே எறிந்ததில், வானத்தைப் பார்த்து எறியும் பழக்கம் எனக்குப் போய்விட்டது. சென்ற ஆண்டு சாண்டா குரூஸின் டி லவியாகா மைதானத்துக்குப் போய், மலைச்சரிவில் கீழ்நோக்கி எறியும் புகழ்பெற்ற இருபத்தேழாவது டீயில் நின்றேன். கண்ணுக்கெட்டிய தூரம் திறந்த வெளி, தூரத்தில் கடல். என் தட்டு இடுப்புயரத்தில் கிளம்பி, சரிவின் தொடக்கத்திலேயே புதரில் நுழைந்தது. இல்லாத கிளைக்கு என் தோள் பயந்திருக்கிறது. கூட வந்தவர்கள் நாகரிகம் கருதி வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஆகவே நண்பருக்கு என் தீர்ப்பு: ஓக் குரோவ் வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர் அங்கே போனால் முதல் மாதத்திலேயே தட்டை இழப்பார், எறியும் தவறாகப் பழகும். போதாததற்கு, மூன்று மூன்று இலைகளாகப் படரும் நச்சுப் படர்கொடியைத் தொட்டுவிட்டு ஒரு வாரம் சொறிந்துகொண்டிருப்பார். லா மிராடாவுக்குப் போகட்டும், கையை வீசி எறியக் கற்கட்டும்.

இதையெல்லாம் அவருக்கு அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். பிறகு, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நேரமிருக்குமா என்றும் கேட்டேன். சுவருக்கு வண்ணம் அடிக்கும் நீட்டுக் கழி ஒன்று வாங்கி, நுனியில் கொக்கி கட்டித் துரட்டியாக்கி வைத்திருக்கிறேன். அண்ணாந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்று சொல்வதற்குக் கீழே ஓர் ஆள் வேண்டும்.