இறக்கும் இடம் மாறிவிட்டது என்று போன் வந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள்

சங்ககிரிப் பக்கம் எங்களுக்கு இரண்டு டாரஸ் லாரி. ஒன்று அப்பா ஓட்டிய காலத்தில் வாங்கியது, இன்னொன்று நான் ஃபைனான்ஸில் எடுத்தது. பதினெட்டு வருஷம் லாரித் தொழிலில் இருந்துவிட்டு ஒரு போன் குரலிடம் ஏமாந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் ஏமாந்ததற்கு எங்கள் டிரைவர் அண்ணன் நான்கு நாள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தார். அதனால் எழுதுகிறேன்.

போன ஐப்பசி. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நவி மும்பை வாஷியில் இறக்கிவிட்டு, ரிட்டர்ன் லோடு இல்லாமல் வண்டி இரண்டு நாளாகக் கலம்போலியில் நின்றது. நிற்கிற வண்டிக்கும் டியூ உண்டு, பேட்டா உண்டு. நான் இருக்கும் வாட்ஸ்அப் லோடு குரூப் ஒன்றில் ஒரு மெசேஜ் வந்தது. சில்வாசா டு கோயம்புத்தூர், காப்பர் ராடு, 16 டன், அவசரம். கூப்பிட்டேன். நம்ம பக்கத்துத் தமிழ், மரியாதையான பேச்சு. "வாடகை 72,000 போட்டுக்கலாமுங்க. 50,000 இப்பவே அனுப்பிடறேன், மீதி பி.ஓ.டி. வந்ததும்." பி.ஓ.டி. என்றால் சரக்கை இறக்கியதற்குக் கையெழுத்து வாங்கிய சீட்டு. சொன்ன பத்தாவது நிமிடம் பணம் வந்துவிட்டது. அட்வான்ஸுக்கு நாலு தடவை போன் போட்டே பழகிய எனக்கு அதுவே பெரிய நற்சான்றிதழாகத் தெரிந்தது. ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் கேட்டான், அனுப்பினேன்.

பின்னாடிதான் தெரிந்தது. லோடு உண்மையான லோடு. கம்பெனி உண்மையான கம்பெனி. அதை எடுத்த டிரான்ஸ்போர்ட்டும் உண்மையான டிரான்ஸ்போர்ட். அவர்களிடம் வண்டி இல்லாததால் வெளியே தேடியிருக்கிறார்கள். என்னிடம் போனில் பேசிய இந்தப் புரோக்கர் என் ஆர்.சி.யையும் லைசென்ஸ் காப்பியையும் அவர்களுக்கு அனுப்பி, "என்னோட வண்டிதான்" என்று சொல்லியிருக்கிறான். ஓனர் நம்பர் என்று அவன் நம்பர், டிரைவர் நம்பர் என்று அவன் கூட்டாளி நம்பர். எனக்கோ அந்த டிரான்ஸ்போர்ட் ஆள் என்று அவனையே காட்டினான். இரண்டு பக்கமும் பேசியது ஒரே ஆளிடம். டிரான்ஸ்போர்ட் அவனுக்குப் பேசிய வாடகை 68,000. எனக்கு அவன் சொன்னது 72,000. கையிலிருந்து 4,000 போட்டு லோடு கொடுக்கிற புரோக்கர் எந்த ஊரில் இருக்கிறான்? டிரான்ஸ்போர்ட்டை நேராகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே விழித்திருப்பேன். சரக்கோடு போகும் லாரி ரசீதான எல்.ஆரில் அவர்கள் ஆபீஸ் நம்பர் அச்சடித்தே இருந்தது.

எட்டு மில்லிமீட்டர் ராடு, ஐந்து சுருள், ஒவ்வொன்றும் மூன்று டன்னுக்கு மேல். கிலோ எண்ணூறு ரூபாய் என்று வைத்தாலே ஒன்றேகால் கோடியைத் தாண்டும். இவ்வளவு மதிப்புள்ள சரக்கைத் தார்ப்பாய் போட்டுக் கட்டி, ஒரே ஆளை நம்பி சுமார் 1,500 கிலோமீட்டர் அனுப்புகிறோம். தொழிலில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம் என்பதால் அது நமக்கு விபரீதமாகவே படுவதில்லை.

மூன்றாம் நாள் வண்டி துமகூரு தாண்டும்போது டிரைவர் அண்ணனுக்கு போன். கோயம்புத்தூர் ஃபேக்டரியில் கிரேன் ரிப்பேர், இறக்க ஒரு வாரம் ஆகும், அதனால் பார்ட்டி பெங்களூரு குடோனிலேயே இறக்கச் சொல்லிவிட்டார்கள், புது இ-வே பில் (சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் ஜி.எஸ்.டி. சீட்டு) அனுப்புகிறோம் என்று. எல்.ஆர். நம்பர், சுருள் எண்ணிக்கை, எடை எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான். ஒப்பிக்காமல் என்ன செய்வான், லோடு ஏறிய அன்றே எல்.ஆரை போட்டோ எடுத்து நாங்கள்தானே அவனுக்கு அனுப்பினோம்?

அண்ணன் உடனே என்னைக் கூப்பிட்டார். அப்பாவோடு வண்டி ஓட்டியவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, பெங்களூர்லயே எறக்கச் சொல்றாங்க. ஏதோ எடஞ்சலாத் தெரியுது. என்ன பண்ணட்டும்?"

நான் அந்த நேரம் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் இருந்தேன். புரோக்கருக்கு போன் போட்டேன். "ஆமாங்க, பார்ட்டி சொல்லிட்டாங்க. வாடகையில ஒரு பைசா கொறைக்கமாட்டோமுங்க." முந்நூற்றைம்பது கிலோமீட்டர் டீசல் மிச்சம், வாடகை முழுசு. அண்ணனிடம் "சரிங்கண்ணா, எறக்கிருங்க" என்று சொல்லிவிட்டு இலையில் உட்கார்ந்தேன். அவர் சந்தேகப்பட்டார். இறக்கச் சொன்னது நான். போலீஸ் கேட்டது அவரை.

நெலமங்களா பக்கம் மெயின் ரோட்டை விட்டு உள்ளே ஒரு குடோன். போர்டு கிடையாது. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஹைட்ரா கிரேன் வைத்து இறக்கினார்கள். இறக்குக் கூலி ரொக்கம். எல்.ஆரில் ரவுண்டு சீல் குத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் காலையிலிருந்து புரோக்கர் போன் சுவிட்ச் ஆஃப்.

அனுப்பியிருந்த புது இ-வே பில் பி.டி.எஃப். அப்படியே அசல் மாதிரி இருந்தது, 12 இலக்க நம்பரோடு. ஆடிட்டர் ஆபீஸில் காட்டியபோது அங்கிருந்த பெண் ஒரு நொடிதான் பார்த்தார். வாங்குபவரின் முகவரி பெங்களூரு. நேரே இருந்த ஜி.எஸ்.டி. நம்பர் 33 என்று ஆரம்பித்தது. 33 தமிழ்நாடு. கர்நாடகா என்றால் 29. பழைய பில்லிலிருந்து நம்பரை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மகாராஷ்டிரா 27, சில்வாசா இருக்கும் தாத்ரா பக்கம் 26. இந்த நாலு எண்ணை டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். நான் சொல்லிக்கொடுத்ததில்லை, எனக்கே தெரியாது.

அடுத்து நான் செய்த தப்பு இதைவிடப் பெரியது. முதலில் போன ஸ்டேஷனில், "சரக்கு போனது இங்க இல்லியே, அங்க போய்க் கொடுங்க" என்றார்கள். இரண்டாவது ஸ்டேஷனில், "லோடு ஏத்துன ஊர்லதான் கேஸ் வரும்" என்றார்கள். இப்படி மூன்று நாள் அலைந்தேன். அதற்குள் டிரான்ஸ்போர்ட் லோடு ஏற்றிய சில்வாசா பக்கம் புகார் கொடுத்துவிட்டது, என் வண்டி நம்பரையும் என் டிரைவர் பெயரையும் போட்டு. புதுக் குற்றவியல் சட்டமான பி.என்.எஸ். 316(3), சரக்கு ஏற்றிப் போகிறவன் செய்யும் நம்பிக்கை மோசடி, ஏழு வருஷம் வரை தண்டனை. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173இல் இருக்கிறது என்று வக்கீல் பிற்பாடுதான் சொன்னார். முதல் நாளே அதைச் சொல்லி எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் நாங்கள் புகார்தாரர். மூன்று நாள் தாமதத்தில் சந்தேக நபர் ஆகிவிட்டோம்.

2020இல் நம்ம சூளகிரி மேலுமலைப் பக்கம் ஒரு கண்டெய்னரை மறித்து 15 கோடி ரூபாய் செல்போனை அள்ளிக்கொண்டு போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். மத்தியப் பிரதேசக் கும்பல். அதில் டிரைவர்களை அடித்துக் கட்டிப் போட்டிருந்தார்கள். அந்தக் கொடுமையை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எங்கள் அண்ணன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்பதுதான் அவருக்கு வினையாகிவிட்டது. "யாரும் மெரட்டல, அடிக்கல, நீயே கொண்டுபோய் எறக்கிட்டு வந்திருக்க, உன் பங்கு எவ்வளவு?" நாலு நாளும் இதே கேள்விதான். பகலெல்லாம் பெஞ்சு, ராத்திரி லாட்ஜ். இந்தி அவருக்கு ரோட்டு இந்தி. விசாரணைக்கு அது பத்தாது. திருட்டுப்போன செல்போனை ஐ.எம்.இ.ஐ. நம்பர் வைத்தாவது தேடலாம். காப்பரில் என்ன நம்பர் இருக்கிறது? உருக்கிவிட்டால் முடிந்தது. இன்றுவரை ஒரு கிலோ கிடைக்கவில்லை.

அவரைக் காப்பாற்றியது ஒரு பழக்கம். எங்கே இறக்கினாலும் இறக்கிய சரக்கை நாலு போட்டோ எடுப்பார். அதில் ஒன்றில் ஹைட்ராவின் நம்பர் பிளேட் விழுந்திருந்தது. போலீஸ் ஹைட்ராக்காரரைப் பிடித்தது. அவரையும் போனில் வாடகைக்கு அழைத்து, ரொக்கம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவர் சொன்னதும் அண்ணன் சொன்னதும் ஒத்துப்போனது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு போன் ரெக்கார்டும் இருந்தது. அதன்பிறகுதான் பேச்சின் தொனி மாறியது. வண்டி மட்டும் வழக்குச் சொத்தாக நின்றது. கோர்ட்டில் பாண்டு எழுதிக் கொடுத்து வெளியே எடுக்க இரண்டு மாதம் ஆயிற்று. டியூ நிற்கவில்லை.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைத்தேன். வண்டிக்கு இருந்தது. லோடுக்கு நான் கட்டும் பிரீமியத்தில் ஒன்றும் இல்லை. சரக்குக்காரர் தன் டிரான்சிட் பாலிசியில் பணம் வாங்கிக்கொள்வார். அந்த இன்சூரன்ஸ் கம்பெனி டிரான்ஸ்போர்ட்டுக்கு நோட்டீஸ் விடும். டிரான்ஸ்போர்ட் அதை நம் பக்கம் தள்ளும். 2007ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, அதிக மதிப்பு என்று எழுதிக் கொடுக்காத சரக்குக்குப் பொறுப்பு வாடகையின் பத்து மடங்குதான். எங்கள் எல்.ஆரில் முழு மதிப்பும் எழுதியிருக்கிறது. சண்டை இப்போது அதில்தான் ஓடுகிறது. கேரியர் லயபிலிட்டி பாலிசி என்று தனியாக ஒன்று உண்டு. எடுப்பதற்கு முன், மோசடியால் போன சரக்குக்குத் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பல பாலிசிகளில் அந்த இடத்தில்தான் கதவைச் சாத்துகிறார்கள்.

இப்போது என் இரண்டு வண்டியிலும் ஒரே கட்டளை. எல்.ஆரில் உள்ள ஊர் தவிர வேறெங்கும் இறக்கக் கூடாது. போன் வந்தால் வெளிச்சமான பங்க்கில் வண்டியை ஓரங்கட்டு. எல்.ஆரில் அச்சடித்த நம்பருக்கும், இன்வாய்ஸில் உள்ள கம்பெனிக்கும் நான் பேசும்வரை கயிற்றை அவிழ்க்காதே. நானே "எறக்கு" என்று சொன்னாலும், யாரிடம் பேசினேன் என்று கேள். டிரைவர் ஓனரைக் கேள்வி கேட்பதா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அன்றைக்கு அண்ணன் இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் பந்தியை விட்டு எழுந்திருப்பேன்.

அந்த நம்பர் போய்விட்டது. ஆனால் போன வாரம் வேறொரு குரூப்பில், வேறு பெயரில் ஒரு மெசேஜ் பார்த்தேன். சில்வாசா லோடு, மார்க்கெட்டைவிட ஐயாயிரம் கூட, "அட்வான்ஸ் உடனே". அவனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அட்மினுக்குச் சொல்லிவிட்டேன்.

அண்ணன் திரும்பவும் வண்டி ஏறிவிட்டார், சேலம், ஈரோடு லோக்கல் லோடு மட்டும். அடுத்த மாதம் வாய்தா. சில்வாசாவுக்குப் பக்கத்து ஸ்டேஷனான வாபி வரை இரண்டு பேருக்கும் ரயில் டிக்கெட் போட்டாச்சு.